ஐந்து நாள் புல்வெளி

இங்கிலாந்தில் குளிர் தணிந்து வயல் ஈரம் கொஞ்சம் வற்றியதும், வெள்ளிக்கிழமைப் பிற்பகல்களில் ஏதாவதொரு மேய்ச்சல் நிலத்தின் படல் திறந்து வைக்கப்பட்டிருக்கும். காரின் பின்புறக் கொக்கியில் மாட்டிய வெள்ளை வண்டிவீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே நுழையும். கேரவன் என்றதும் நமக்குப் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்களுக்காக நிற்கும் பெரிய வண்டிதான் நினைவுக்கு வரும், இது வேறு. ஒரு குடும்பம் சொந்தக் காசில் வாங்கி, சொந்தக் காரில் இழுத்துக்கொண்டு போகிற, கட்டிலும் அடுப்பும் கழிப்பறையும் அடங்கிய சின்ன வீடு. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கிளம்பிவிடுவார்கள்; நிலம் மறுபடி ஆடுகளுக்கு. வந்தவர்கள் ஒரு கேரவன் சங்கத்தின் வட்டாரக் கிளை உறுப்பினர்கள். பலருடைய வீடு அங்கிருந்து முப்பது நாற்பது கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். ஊரையும் ஆட்களையும் விட்டு நினைத்த இடத்துக்குப் போகலாம் என்று சொல்லி விற்கப்படும் வண்டியை வாங்கியவர்கள், பக்கத்து ஊர்க்காரர்கள் முப்பது பேரோடு வரிசைகட்டி நிற்க எதற்காகச் சந்தா கட்டிச் சேருகிறார்கள்? வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது முரணாகத் தெரிகிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை. சக்கரம் வைத்த வீட்டின் சுதந்திரம் ஓடுவதைவிட நிற்பதையே அதிகம் நம்பியிருக்கிறது. இங்கிலாந்தில் அந்த நிற்கும் உரிமை தனியாட்களுக்குச் சொற்பமாகவும், சேர்ந்து நின்றவர்களுக்குத் தாராளமாகவும் கிடைத்தது. வட்டாரச் சங்கத்தில் சேருவதை இந்த உண்மையிலிருந்து பார்த்தால்தான் அதன் நியாயமும் அதன் கடனும் சேர்ந்து தெரியவரும்.

பொழுதுபோக்குக்கென்று கட்டப்பட்ட முதல் கேரவன் என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1885-இல் பிரிஸ்டல் வேகன் வொர்க்ஸ் கட்டிக்கொடுத்த 'வாண்டரர்'. கட்டச் சொன்னவர் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ். கடற்படையில் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர், சிறுவர்களுக்குச் சாகசக் கதைகள் எழுதியவர். ஜிப்சிகள் என்றும் சொல்லப்படும் ரோமானி மக்களின் குதிரைவண்டி வீடுகள் அவர் மனத்தில் ஆசையை விதைத்தன. இரண்டு டன் எடையில், மகோகனியும் மேப்பிளும் இழைத்த வண்டியை இரண்டு குதிரைகள் இழுக்க, பார்க்ஷயரின் ட்வைஃபோர்டிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரை போனார். அவருடைய வேலையாள் மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னே போய் வழி பார்த்துச் சொல்வார். பாதை சரியாக இருந்தால் மட்டும் போதாது. அவ்வளவு பெரிய வண்டிக்கும் இரண்டு குதிரைகளுக்கும் ஒவ்வொரு நாளும் அந்தி சாய்வதற்குள் ஒரு விடுதி முற்றமோ ஒரு விவசாயியின் புல்வெளியோ கிடைத்தாக வேண்டும். ஸ்டேபிள்ஸுக்குப் பெரும்பாலும் கிடைத்தது. நல்ல உடை, படித்த பேச்சு, கூடவே வேலையாட்கள். வண்டிக்காரர் யாரென்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். அவர் ஏறி வந்த வண்டியின் வடிவத்தை உண்டாக்கியவர்கள் அதே புல்வெளி வாசலில் நின்று கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்பதையும் அந்த வாசல் அறியும்.

தற்செயலோ என்னவோ, அதே 1885-இல்தான் ஜார்ஜ் ஸ்மித் என்ற சீர்திருத்தக்காரர் நாடாளுமன்றத்தில் நடமாடும் குடியிருப்புகளுக்கான மசோதாவைக் கொண்டுவரச் செய்தார். கோல்வில் ஊரைச் சேர்ந்த இவர் செங்கல் சூளைகளிலும் கால்வாய்ப் படகுகளிலும் வதைபட்ட குழந்தைகளுக்காகப் போராடி வென்றவர். நல்ல மனிதர் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வண்டியில் வாழ்பவர்களைப் பதிவு செய்து, அதிகாரிகள் உள்ளே வந்து சோதிக்கலாம் என்று வகுப்பதுதான் அவர்களுக்குச் செய்யும் நன்மை என்று அவர் நம்பினார். இதை எதிர்த்து எழுந்தவர்கள் திருவிழாத் திடல்களில் ராட்டினமும் கூடாரக் காட்சியும் நடத்திப் பிழைத்தவர்கள். 1889-இல் அவர்கள் வண்டிவாழ்வோர் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். இன்று பிரிட்டனின் திருவிழாக் காட்சிக்காரர்களில் பெரும்பாலோருக்காகப் பேசுகிற ஷோமென்ஸ் கில்டு அதிலிருந்து வளர்ந்தது. ஸ்மித்தின் மசோதாக்கள் திரும்பத் திரும்ப வந்து திரும்பத் திரும்பத் தோற்றன. சக்கரத்தின் மேல் வாழ்பவர்கள் சட்டத்தின் முன் போய் நிற்க வேண்டுமானால் ஒரு பெயரும் ஒரு பட்டியலும் ஒரு செயலாளரும் வேண்டும் என்ற பாடம் அந்த நாட்டில் அப்போதே எழுதப்பட்டுவிட்டது. பொழுதுபோக்குக்காரர்களின் சங்கங்கள் பிறகு வந்தன. 1901-இல் வாண்டேஜ் ஊரில் ஒரு பழத்தோட்டத்தில் ஆறு பேர் மிதிவண்டிகளோடு கூடாரமடித்துத் தங்கினார்கள். தாமஸ் ஹைரம் ஹோல்டிங் தொடங்கிய அந்தச் சிறு குழுதான் இன்றைய கேம்பிங் அண்ட் கேரவனிங் கிளப். 1907-இல் ஜே. ஹாரிஸ் ஸ்டோன் என்பவரின் முயற்சியில் கேரவன் கிளப் உருவானது; இப்போது அதன் பெயர் கேரவன் அண்ட் மோட்டார்ஹோம் கிளப்.

அப்போது கேரவன் பணக்காரர்களின் விளையாட்டு. 1919-இல் பர்மிங்ஹாமில் எக்கிள்ஸ் நிறுவனம் கார் இழுக்கும் கேரவன்களைத் தொழிற்சாலையில் செய்து விற்க ஆரம்பித்தது; 1949-இல் சாம் ஆல்பர் கொண்டுவந்த 'ஸ்பிரைட்' கேரவன் சம்பளக்காரர்களின் கைக்கு எட்டியது. வண்டி மலிவானதும் கேள்வி வேறாயிற்று. பத்துப் பேர் நின்றபோது புல்வெளிக்காரர் தாராளமாக இருந்தார். பல்லாயிரம் பேர் வந்தபோது கிராமசபைகள் கலங்கின. போருக்குப் பின் வீட்டுத் தட்டுப்பாடு வேறு. வீடு கிடைக்காத இளம் தம்பதிகள் கேரவன்களிலேயே நிரந்தரமாகக் குடியேறினார்கள். இதை ஆராய அரசு சர் ஆர்ட்டன் வில்சனை நியமித்தது. 1959-இல் அவருடைய அறிக்கை வந்தது. அடுத்த ஆண்டே கேரவன் தளங்கள் மற்றும் மேம்பாட்டுக் கட்டுப்பாட்டுச் சட்டம். எந்த நிலத்திலும் ஒரு கேரவனை வசிக்க நிறுத்த வேண்டுமானால் அந்த நிலத்துக்குத் தள உரிமம் வேண்டும் என்பது இதன் சாரம். சட்டத்தின் கடைசியில் முதல் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. யார் யாருக்கு உரிமம் வேண்டாம் என்று அதில் வரிசையாகச் சொல்லியிருக்கிறது. கேரவன் சங்கத்தில் சேர நினைக்கும் எவரும் சங்கத்தின் விளம்பரத் தாளுக்கு முன்னால் படிக்க வேண்டியது அந்த அட்டவணையைத்தான் என்பேன்.

அது சொல்வது இது. தனியாகப் பயணம் செய்பவர் நில உரிமையாளரின் சம்மதத்தோடு இரண்டு இரவு வரை நிற்கலாம். அப்போது அந்த நிலத்தில் வேறு கேரவன் இருக்கக் கூடாது. ஓர் ஆண்டில் அந்த நிலத்தில் கேரவன் நின்ற நாட்கள் 28-ஐத் தாண்டியிருக்கவும் கூடாது. இதுதான் தனியாளின் பங்கு. அரசிடமிருந்து விலக்குச் சான்று பெற்ற அமைப்புகளின் பங்கோ வேறு அளவு. அத்தகைய அமைப்பு தன் உறுப்பினர்களுக்காக ஒரு விவசாயியின் நிலத்துக்குச் சான்று கொடுத்தால், அங்கே ஐந்து கேரவன்கள் வரை நிற்கலாம். தனி உரிமம் தேவையில்லை. அதே அமைப்பு தன் உறுப்பினர்களுக்கு ஒரு சந்திப்பை நடத்தினால், ஐந்து நாட்கள் வரை எந்த வயலையும் எத்தனை வண்டிக்கும் ஊராக்கிக்கொள்ளலாம். ராலி என்று சங்கத்தார் சொல்லும் வார இறுதிக் கூடுகைகள் எல்லாம் இந்த ஒற்றைப் பத்தியின் மேல்தான் நிற்கின்றன. ஐந்து வண்டி நிற்கும் சிறு தளங்கள் நாடெங்கும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன: ஆப்பிள் தோட்டத்து மூலை, ஆற்றோரப் புல்தரை, மதுக்கடையின் பின்வெளி. ஒரு குழாய், கழிவு ஊற்ற ஒரு குழி, குப்பைக்கு ஒரு தொட்டி. அதற்கு மேல் ஒன்றுமில்லாத தளங்களும் உண்டு. சந்தா கட்டுகிறவர் வாங்குவது சங்கத்தின் மாத இதழையோ காப்பீட்டுத் தள்ளுபடியையோ மட்டும் அல்ல. இரண்டு இரவை ஐந்து நாளாக்கும் ஒரு சட்ட நிலையை வாங்குகிறார்.

சான்று தேசியச் சங்கத்தின் கையில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் கை வட்டாரக் கிளையுடையது. ஏன் வட்டாரம் என்பது இங்கேதான் புரியும். எந்த விவசாயியின் வயலில் நீர் வடியும், எந்த வாசலில் ஏழு மீட்டர் நீள வண்டி திரும்பும், எந்தப் பள்ளி கோடை விடுமுறையில் மைதானத்தை வாடகைக்குத் தரும் என்பதெல்லாம் தலைமை அலுவலகத்துக்குத் தெரியாது. தெரிந்தவர் பக்கத்து ஊரில் இருக்கிறார். ஒவ்வொரு ராலிக்கும் அவரைப் போன்ற ஒருவர் மார்ஷலாக இருக்க ஒப்புக்கொள்கிறார். சம்பளம் கிடையாது. வாடகையைப் பேசுவது, நிலத்தை அளந்து முளையடிப்பது, வண்டிக்கும் வண்டிக்கும் ஆறு மீட்டர் இடைவெளி விட்டு நிறுத்த வைப்பது, மழை கொட்டினால் டிராக்டருக்குச் சொல்லிவைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. ஆறு மீட்டர் என்பது தீ பரவாமல் இருக்க. எரிவாயு உருளையை முன்பெட்டியில் வைத்திருக்கும் மெல்லிய சுவர் வீடுகள் இவை. ஒன்றில் தீப்பிடித்தால் நிமிடங்களில் முடிந்துவிடும். அடுத்த ராலிக்கு வேறொருவர் மார்ஷல். இந்தச் சுற்று முறை ஒருவரை ஒருவர் திரும்பத் திரும்பச் சந்திப்பவர்களுக்கிடையில் மட்டுமே ஓடும். இன்று முளையடித்தவரை அடுத்த மாதமும் பார்க்கப்போகிறோம், அப்போது முளையடிப்பது நம் முறையாக இருக்கலாம் என்ற அறிவுதான் அதற்கு எண்ணெய்.

சங்கங்கள் தங்களைச் சிநேகமானவை என்று சொல்லிக்கொள்கின்றன. அதை நான் நம்புகிறேன். ஆனால் அந்தச் சிநேகம் மனிதர்களின் நல்ல குணத்திலிருந்து மட்டும் வருவதாக நினைக்கவில்லை. கேரவன் என்பது வேண்டுமென்றே குறைவைக்கப்பட்ட வீடு. சிநேகம் அந்தக் குறைகளிலிருந்து பிறக்கிறது. ராலி வயலில் வண்டி வந்து நின்றதும் நடப்பதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். நிலம் ஒருபுறம் சரிந்திருக்கும். தாழ்ந்த சக்கரத்துக்கு அடியில் மஞ்சள் பிளாஸ்டிக் ஆப்பு ஒன்றை வைத்து, காரை அங்குலம் அங்குலமாக நகர்த்தி ஏற்ற வேண்டும். ஓட்டுபவருக்கு ஆப்பு தெரியாது. வெளியே ஒருவர் நின்று கையசைக்க வேண்டும். ரசமட்டத்தில் குமிழி நடுவுக்கு வந்ததும் நான்கு மூலைத் தாங்கிகளையும் கைப்பிடியால் சுற்றி இறக்க வேண்டும். மட்டம் சரியில்லையென்றால் தூங்கும்போது தலை கீழே இருக்கும், கழுவுதொட்டித் தண்ணீர் வடியாது, குளிர்பெட்டி சரியாகக் குளிராது. பிறகு தண்ணீர். நாற்பது லிட்டர் பீப்பாய் ஒன்றைக் குழாயடிக்கு உருட்டிக்கொண்டு போய் நிரப்பி, கைப்பிடி மாட்டி, புல்லின் மேல் உருட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். குழாய் ஒன்று, வண்டிகள் முப்பது. காலையில் கழிவுப்பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு குழிக்குப் போக வேண்டும். எதிரே இன்னொருவரும் அதே பெட்டியோடு வருவார். வேலையில் அவர் உயர் அதிகாரியாக இருக்கலாம், இவர் பேருந்து ஓட்டுநராக இருக்கலாம். அந்தப் பாதையில் இருவருக்கும் வணக்கம் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. நகர வீடு இந்தச் சந்திப்புகளையெல்லாம் குழாய்க்குள் ஒளித்து வைத்துவிட்டது. கேரவன் வயல் அவற்றைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து வைக்கிறது. முப்பது கிலோமீட்டர் போய் அக்கம்பக்கத்தாரைப் பார்க்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், ஆமாம், தெருவில் அவர்களைப் பார்க்கும் காரணங்கள் தீர்ந்துவிட்டன என்பதுதான்.

இதற்கு மறுப்புகள் உண்டு, சில கனமானவை. முதலில் வருவது விதிகளைப் பற்றியது. வரிசையில் நில், நாயைக் கட்டு, இரவு மின்னாக்கியை நிறுத்து, குழந்தைகள் வண்டிகளுக்கு நடுவே பந்து விளையாடக் கூடாது: இப்படியெல்லாம் சொல்லும் இடத்தில் சுதந்திரம் எங்கே என்பது கேள்வி. ஒவ்வொரு விதியையும் நான் காக்கப்போவதில்லை. விதியை நேசிப்பதற்கென்றே மார்ஷலாகிறவர்களும் இருப்பார்கள். ஆனால் பெரும்பாலான விதிகளின் மறுமுனையில் ஒரு நில உரிமையாளர் இருக்கிறார். திங்கட்கிழமை காலை அவர் தன் வயலில் நடந்துபோகும்போது டயர்த் தடம் எவ்வளவு ஆழம், புல் எங்கே கருகியிருக்கிறது, வேலி ஓரம் என்ன கிடக்கிறது என்று பார்ப்பார். அடுத்த ஆண்டு அந்த வயல் கிடைக்குமா என்பது அந்த நடையில் தீர்மானமாகும். இங்கிலாந்தில் வயல்கள் யாரோ ஒருவருடையவை. கூடாரம் அடித்துத் தங்குவதற்குக்கூட டார்ட்மூர் என்ற விதிவிலக்கான இடத்தில்தான் சட்டப்படி உரிமை உண்டு. அதையும் ஒரு நிலக்கிழார் எதிர்த்து வழக்குப்போட, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது. ஸ்காட்லாந்தின் 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் நடப்பவர்களுக்கும் கூடாரக்காரர்களுக்கும் தாராளமானது. மோட்டார் வண்டிக்கு அங்கும் அந்த உரிமை இல்லை. ஆக, கேரவன்காரருக்கு எங்கும் அனுமதியை நம்பித்தான் பிழைப்பு. முப்பது பேருக்குச் சேர்த்து ஒரு வாக்குக் கொடுக்கப்படும் இடத்தில் முப்பது பேரும் அந்த வாக்குக்குக் கட்டுப்பட வேண்டியிருக்கிறது.

காசு கொடுத்தால் வணிகத் தளங்கள் இருக்கின்றனவே, சங்கம் எதற்கு என்று அடுத்தவர் கேட்கிறார். இருக்கின்றன, மின்சாரம், வெந்நீர், நீச்சல்குளம் எல்லாம் அங்கே உண்டு. பள்ளி விடுமுறை வாரங்களில் அங்கே கேட்கும் வாடகையைக் கொடுக்க முடிகிறவர்கள் கொடுக்கட்டும். ஆனால் சந்தை தனக்கு லாபம் தராத புல்வெளியைத் திறந்துவிடாது. ஐந்து வண்டி நிற்கும் ஆப்பிள் தோட்டம் ஒரு தொழிலாகக் கட்டுபடியாகாது. உரிமத்தின் செலவில்லாமல், சங்கத்தின் சான்றை நம்பி, கொஞ்சம் கூடுதல் வருமானத்துக்காக ஒரு விவசாயக் குடும்பம் அதைத் திறந்து வைக்கிறது. ராலியின் கட்டணமும் அப்படித்தான்: வயல் வாடகையை வந்த வண்டிகளால் வகுத்தால் வருவது எதுவோ ஏறக்குறைய அதுதான். இழுக்கும் கார், வண்டியின் விலை, ஆண்டுப் பராமரிப்பு எல்லாம் சேர்ந்து இந்தப் பொழுதுபோக்கு ஏழைகளுக்கானது என்று சொல்ல முடியாது. பழைய வண்டி ஒன்றைச் சில ஆயிரம் பவுண்டுக்கு வாங்கியவருக்கு இது அவர் வாழ்வில் கட்டுபடியாகும் ஒரே விடுமுறை என்பதும் உண்மை.

கிளைகள் தங்களுக்குள் மூடிக்கொண்டவை, உறுப்பினர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், புதிதாக வருபவர் விளிம்பில் உட்கார்ந்து பழைய நண்பர்களின் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்ற குறையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. திரும்பத் திரும்பச் சந்திப்பதில் பிறக்கும் நட்பின் இயல்பான நோய் அது. ஆப்பு வைக்க உதவிய கை ஞாயிற்றுக்கிழமை காலைத் தேநீர் வட்டத்தில் நாற்காலியை நகர்த்தி இடம் விடுகிறதா என்பதில்தான் ஒரு கிளையின் தரம் தெரியும். முதன்முறை வருபவரை மார்ஷல் தன் பக்கத்து இடத்தில் நிறுத்தும் கிளைகள் பிழைக்கும். மற்றவை உறுப்பினர்களோடு சேர்ந்து முதிர்ந்து மூடும். இதில் மேலும் சொல்ல அதிகமில்லை.

மிகப் பெரிய மறுப்பு இனிமேல்தான். 1960-இன் சட்டம் பொழுதுபோக்குக்காரருக்கு ஐந்து நாள் கொடுத்தபோது, கேரவனே வீடாக வாழ்ந்த ரோமானி மக்களிடமிருந்தும் 'டிராவலர்' என்று அழைக்கப்படும் ஐரிஷ் பயணிகளிடமிருந்தும் நின்றுவந்த இடங்களையே எடுத்துக்கொண்டது. தலைமுறைகளாக அவர்களை அறுவடைக்கு அழைத்து வயலோரம் நிற்க விட்ட விவசாயிகள் இப்போது உரிமம் இல்லாமல் அவர்களை வைத்திருந்தால் குற்றவாளிகள். பருவகால விவசாயக் கூலிகளுக்கு ஒரு விலக்கு உண்டு. வேலை முடிந்த மறுநாள் அது இல்லை. சட்டத்தின் 23-ஆம் பிரிவு ஊர்ப் பொதுநிலங்களில் கேரவன்களைத் தடைசெய்யும் அதிகாரத்தை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தது. 24-ஆம் பிரிவு தளம் அமைத்துக் கொடுக்கும் அதிகாரத்தையும் கொடுத்தது. உள்ளாட்சிகள் முந்தியதைச் சுறுசுறுப்பாகப் பயன்படுத்தின. பிந்தியதைப் பயன்படுத்தியவை மிகக் குறைவு. அட்டவணையைத் திரும்பப் பாருங்கள்: திருவிழாக் காட்சிக்காரர்களுக்கு அவர்களுடைய சங்கத்தின் பேரில் விலக்கு, பொழுதுபோக்குக்காரர்களுக்கு அவர்களுடைய சங்கத்தின் பேரில் விலக்கு. சங்கம் இல்லாதவர்கள் வெளியே. 1966-இல் ஜிப்சி கவுன்சில் உருவாகி, வெளியேற்றும் இடங்களில் மறித்து நின்று போராடிய பிறகுதான், ஆர்பிங்டன் தொகுதியின் லிபரல் உறுப்பினர் எரிக் லபக் கொண்டுவந்த தனிநபர் மசோதா 1968-இல் சட்டமாகி, தளம் அமைப்பது உள்ளாட்சிகளின் கடமையானது. 1994-இல் குற்றவியல் நீதிச் சட்டம் அந்தக் கடமையை நீக்கியது. 2022-இல் இன்னொரு சட்டம்: உரிமையாளரின் சம்மதமில்லாத நிலத்தில் வண்டியோடு வசிக்க முற்பட்டு, கணிசமான சேதமோ இடையூறோ நேரும் என்று கருதப்பட்டு, போகச் சொல்லியும் போகாவிட்டால், மூன்று மாதம் வரை சிறை, வீடாக இருக்கும் அந்த வண்டியையே போலீஸ் பறிமுதல் செய்யலாம். வெளியேற்றப்பட்ட இடத்துக்கு ஓராண்டுக்குத் திரும்பக் கூடாது என்ற பகுதி ஜிப்சிகளுக்கும் பயணிகளுக்கும் எதிராகப் பாரபட்சம் காட்டுகிறது, மனித உரிமை உடன்படிக்கைக்கு முரணானது என்று 2024 மே மாதம் உயர் நீதிமன்றம் அறிவித்தது.

தமிழ் வாசகருக்கு இந்தக் கதையின் சாயல் புதிதல்ல. ஸ்டேபிள்ஸ் வண்டி கட்டுவதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன், 1871-இல், அதே பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. உப்பும் தானியமும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய்வந்த குறவர்கள் உள்ளிட்ட பல சமூகங்கள் பெயரைப் பதிந்து, நடமாட்டத்துக்கு அனுமதி கேட்டு நிற்க வேண்டியதாயிற்று. அலைவது வாழ்க்கையாக இருந்தால் குற்றம், ஓய்வாக இருந்தால் பண்பாடு என்ற பிரிப்பு ஓர் ஊரில் மட்டும் பிறந்ததல்ல. ஒரே ஆட்சியின் இரு கரைகளிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பழகிவந்தது.

அப்படியானால் கேரவன் சங்கத்தில் சேருவது அநீதியில் பங்கு கேட்பதா? சிலர் அப்படிச் சொல்வார்கள். நான் அந்த முடிவுக்கு வரவில்லை. வார இறுதியில் வயலில் நிற்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர் 1960-இன் சட்டத்தை எழுதவில்லை. அவர் தன் விலக்கைத் துறந்தால் ஒரு ரோமானி குடும்பத்துக்கு ஓர் இரவும் கூடப்போவதில்லை. ஆனால் தன் ஐந்து நாள் இயற்கையாக வந்த உரிமை என்று அவர் நினைத்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியாது. ராலி முடிந்து கிளம்பும் அவருடைய வண்டியும் சாலையோரத்தில் விரட்டப்படும் வண்டியும் சட்டத்தின் பார்வையில் ஒரே பொருள்: மனிதர் வசிக்கத் தக்க, இடம் மாற்றத் தக்க ஒரு கட்டமைப்பு. வேறுபடுவது யார் சான்றைக் கொடுத்தார்கள் என்பது. சில தளங்களில் வேலைக்கான வேன்களுக்கு அனுமதியில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகை யாரை நோக்கி எழுதப்பட்டது என்று அங்கே நிற்பவர்களுக்குத் தெரியும். சிநேகமான சங்கம் என்று சொல்லிக்கொள்ளும் ஒன்று அந்தப் பலகையைக் கழற்றுவதில் தொடங்கலாம். வெறும் நல்லெண்ணத்தின் பேரில் நான் இதைக் கேட்கவில்லை. நிற்கும் உரிமையைக் கூட்டாகக் கேட்டுப் பெற்ற ஓர் அமைப்புக்கு, அந்த உரிமை எப்படி உண்டாகிறது என்பது மற்ற எவரையும்விட நன்றாகத் தெரியும் என்பதால் கேட்கிறேன்.

அது உண்டாகும் விதத்தை லீட்ஸ் நகரத்தில் பார்க்கலாம். வெளியேற்றி வெளியேற்றி நகரசபையும் களைத்து, விரட்டப்பட்ட குடும்பங்களும் களைத்த பிறகு, அங்கே ஜிப்சிகளுக்கும் பயணிகளுக்குமான லீட்ஸ் கேட் என்ற அமைப்பு பேச்சுவார்த்தையால் நிற்பது என்ற ஏற்பாட்டை முன்வைத்தது, நகரசபை ஏற்றுக்கொண்டது. குடும்பங்கள் ஒரு குறிப்பிட்ட நிலத்தில், ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு நிற்கலாம். நகரசபை தற்காலிகக் கழிப்பறையும் குப்பை அகற்றலும் தரும். குடும்பங்கள் இடத்தைச் சுத்தமாக வைத்திருப்பதற்கும், இரைச்சலையும் தீயையும் அடக்கி வைப்பதற்கும், சொன்ன நாளில் கிளம்புவதற்கும் வாக்குக் கொடுக்கும். பிரச்சினை வந்தால் இரு தரப்பும் பேச ஓர் ஆள் உண்டு. வெளியேற்றும் செலவு குறைந்தது. மற்ற சில நகரங்களும் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள முன்வந்தன. இந்த ஒப்பந்தத்தின் அம்சங்களை ஒரு ராலி மார்ஷலிடம் காட்டினால் அவர் ஆச்சரியப்பட மாட்டார்: எந்த நிலம், எத்தனை வண்டி, எத்தனை நாள், தண்ணீர் எங்கே, கழிவு எங்கே, நெருப்பு எப்படி, எப்போது கிளம்புவது, பொறுப்பு யார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் கையில் வைத்திருப்பது அந்தப் பட்டியலைத்தான். லீட்ஸ் போன்ற ஏற்பாட்டை யோசிக்கும் நகரசபை ஒன்று நடைமுறை தெரிந்தவர்களைத் தேடினால், அந்த மாவட்டத்தின் கேரவன் கிளையில் முப்பது ஆண்டுகளாக வயல்களை அளந்து முளையடித்துவரும் மார்ஷல்கள் இருக்கிறார்கள். அவர்களை யாரும் இதுவரை அழைத்ததாகத் தெரியவில்லை; அவர்களாகவே போய் நின்றாலும் தடுக்கும் விதி எதுவும் சங்கத்தின் விதிகளில் இருக்க வேண்டியதில்லை.